இரண்டும் மூன்றும் ஐந்தாக 29 முறை அமுக்க வேண்டும்

படிவம் 2-ல் படிக்கும் என் மகள் ஒருநாள் பைனரி வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். 13 என்பதை 1101 என்று எழுதி முடித்தவள், பென்சிலை வைத்துவிட்டு என் மடிக்கணினியைத் தூக்கி அடியிலும் பக்கவாட்டிலும் பார்த்தாள். “கம்ப்யூட்டருக்கு ஒன்னும் சைபரும் மட்டும்தான் தெரியும்னு டீச்சர் சொன்னாங்க. அது இதுக்குள்ள எங்கம்மா இருக்கு?” என்று கேட்டாள்.

பட்டர்வொர்த்தில் ஒரு சரக்குக் கப்பல் அலுவலகத்தில் பதினெட்டு வருடமாகக் கணக்கு பார்க்கிறேன். காலையிலிருந்து மாலை வரை கணினிதான். ஆனால் அந்தக் கேள்விக்கு என்னால் ஒரு வரி பதில் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலையைத் தூக்காமலே, “எனக்கும் அது தெரியணும்னு ரொம்ப நாளா ஆசை” என்றார்.

அம்மா அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 1979 முதல் 2003 வரை பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு பெக்டரியில் ஆப்பரேட்டராக இருந்தவர். அங்கே சுதந்திர வர்த்தக வட்டாரம் 1972-ல் தொடங்கியது. இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே திறந்த முதல் தொழிற்சாலையும் அதே வருடம் அங்கேதான் வந்தது. சிலிக்கான் வெளிநாட்டில் தயாராகி வரும். அதைத் துண்டு துண்டாக உலோகச் சட்டத்தில் ஒட்டி, மெல்லிய கம்பியால் கால்களோடு இணைத்து, கறுப்பு உறை போட்டு, சோதித்து அனுப்புவது பினாங்கின் வேலை. பழைய சிப்புகள் பலவற்றின் முதுகில் ‘மலேசியா’ என்று அச்சிட்டிருப்பதற்கு அதுதான் காரணம். அம்மா மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் பதித்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைக் காலுக்குக் கால் இழுத்து ஒட்டியவர். பெக்டரி பஸ், இரவு ஷிப்டு, ஓய்வுபெறும்போது கண்ணுக்குத் தடித்த கண்ணாடி. அத்தனை வருடமும் அந்தச் சிப்பு எங்கே போகிறது, என்ன செய்கிறது என்று அவருக்கு யாரும் விளக்கியதில்லை.

ஆக, வீட்டில் மூன்று தலைமுறைக்கும் ஒரே கேள்வி. கணினிக்குள் கணக்கு போடும் சிப்பான மைக்ரோபிராசசர் ஒன்றை நாங்களே கம்பி போட்டு இயக்கிப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். வார இறுதிகளில் மட்டும், சுங்கை ஆராவில் எங்கள் சாப்பாட்டு மேசையில், ஏறக்குறைய நான்கு மாதம் பிடித்தது. அதில் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். இதே ஆசையோடு தொடங்குபவர்களுக்குச் சில வாரமாவது மிச்சமாகும்.

முதலில் எல்லாரும் சொன்னது ஆர்டுயினோ என்ற சின்ன கணினிப் பலகை. நல்ல பொருள்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதில் நினைவகம், கிளாக், பிராசசர் எல்லாம் ஒரே சிப்புக்குள் அடங்கியிருக்கும். விளக்கு எரியும், ஏன் எரிந்தது என்பது மட்டும் உள்ளேயே இருந்துவிடும். மகள் கேட்டதோ ‘எங்கே இருக்கு’ என்று. அதற்கு உறுப்புகள் தனித்தனியாக வெளியே கிடக்க வேண்டும்.

என் சித்தப்பா மகன் பொலிடெக்னிக்கில் 8085 என்ற பிராசசரின் பயிற்சிப் பலகையில் படித்தவன். பதினாறு விசையும் சிவப்பு எண் விளக்குமாக இருக்கும் பலகை. அந்த மாதிரிப் பலகைகளில் பேர்பெற்றது 1981-ல் தைவானின் மல்டிடெக் நிறுவனம் விட்ட மைக்ரோ புரொபசர். அந்த நிறுவனம்தான் பின்னாளில் ஏசர் ஆனது. அதற்குள் இருந்தது இசட் 80 என்ற பிராசசர். “அக்கா, 8085-ல முகவரியில பாதியும் டேட்டாவும் ஒரே கால்ல மாறி மாறி வரும். புதுசா படிக்கிறவங்களுக்குக் குழப்பம். இசட் 80-ல ரெண்டும் தனித்தனி. அதையே எடுங்க” என்றான். இன்றைக்கும் அதைச் சரியான யோசனை என்றே சொல்வேன்.

இசட் 80 வெளிவந்தது 1976-ல். வடிவமைத்தவர் ஃபெடரிகோ ஃபாஜின். 1971-ல் வந்த இன்டெல் 4004 உருவாக்கத்துக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. நாற்பது கால், ஒரே ஒரு 5 வோல்ட் மின்சாரம், எட்டு டேட்டா கம்பி, நினைவகத்தில் எந்த இடம் என்று சொல்லும் பதினாறு முகவரிக் கம்பி. பதினாறு கம்பியால் 65,536 இடங்களைக் குறிப்பிடலாம். ஏறக்குறைய அரை நூற்றாண்டு விற்ற பிறகு, 2024-ல்தான் சைலாக் நிறுவனம் அந்த நாற்பது கால் சிப்பை நிறுத்துவதாக அறிவித்துக் கடைசி ஆர்டர்களை வாங்கியது. கையிருப்பில் இருப்பதும் பழைய கருவிகளிலிருந்து கழற்றியதும் இன்னும் கிடைக்கின்றன. ஆனால் வாங்கும்போது கவனம் வேண்டும். அந்தக் கதை பின்னால் வருகிறது.

சாமான்களில் பாதியை ஒரு கல்யாணத்துக்குக் கோலாலம்பூர் போனபோது ஜாலான் பாசாரில் வாங்கினேன். எலக்ட்ரானிக் உதிரிக் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு அது. ரெசிஸ்டரைக் கையில் எடுத்துப் பார்த்து, நிறக் கோடுகளை எப்படிப் படிப்பது என்று கடைக்காரரிடமே கேட்டுக்கொள்ளலாம். மற்றதெல்லாம் இணையத்தில். பற்றவைக்காமல் கம்பி செருகும் துளைப் பலகையான பிரெட்போர்டு நான்கு, ரெசிஸ்டர், எல்இடி விளக்குகள், சின்னச் சின்ன சிப்புகள் எல்லாம் சேர்த்து 100 வெள்ளிக்குள் (ரிங்கிட்) முடிந்தது. இவற்றுக்கு முன்னால் வோல்டேஜும் மின்சாரமும் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். 35 வெள்ளிக்கு வாங்கிய எங்கள் மீட்டர் இல்லாமல் இருந்திருந்தால் இரண்டாவது வாரமே எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு மூடியிருப்போம்.

முதல் பாடம் அம்மாவிடமிருந்து வந்தது. புதுச் சிப்பைப் பிரெட்போர்டில் செருக முயன்றேன், கால்கள் பிடிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தால் வளைந்திருக்கும். அம்மா கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பெக்டரியிலிருந்து வரும்போது கால்கள் சற்று வெளிப்பக்கம் விரிந்துதான் இருக்கும் என்றார். சிப்பை இரண்டு முனையிலும் பிடித்துப் பக்கவாட்டில் நிறுத்தி, இருபது காலையும் சேர்த்து மேசைமேல் வைத்து மெல்ல ஒரு அழுத்து. திருப்பி வைத்து மறுபக்கமும் அப்படியே. இப்போது வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கியது. “காலைத் தொடாதே, முனையைப் பிடி” என்று அன்றைக்கு மகளுக்குச் சொன்னதை இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். உடம்பிலிருக்கும் நிலைமின்சாரம் சிப்பைக் கொன்றுவிடும் என்பதற்காகக் கையில் பட்டை கட்டியே இருபத்து நாலு வருடம் உட்கார்ந்தவர் அவர்.

கம்பி போடுவதில் ஒரு பொறி இருக்கிறது. டேட்டா கால்கள் வரிசையாக இருக்கும் என்று நினைத்துப் போட்டுவிடாதீர்கள். 7-வது காலில் டேட்டா 4, 8-ல் 3, 9-ல் 5, 10-ல் 6. நடுவில் 11-வது கால் 5 வோல்ட். பிறகு 12-ல் 2, 13-ல் 7, 14-ல் 0, 15-ல் 1. நாங்கள் இதை ஒரு தாளில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டினோம். ஒவ்வொரு கம்பியையும் போட்டதும் மகள் அதில் டிக் போடுவாள். எட்டுக்கும் எட்டு நிறம் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

பயன்படுத்தாத உள்ளீட்டுக் கால்களைச் சும்மா விடக் கூடாது. 16, 17, 24, 25 ஆகிய நாலும் வெளியிலிருந்து ‘நில்’, ‘காத்திரு’, ‘இடைமறி’ என்று சொல்வதற்கானவை. அவற்றை 10 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட்டில் கட்டிப்போட வேண்டும். நாங்கள் ஒன்றை மறந்தோம். கையைப் பக்கத்தில் கொண்டுபோனால் சிப்பு நிற்கும், எடுத்தால் ஓடும். மகளுக்கு அது மாயம் மாதிரி இருந்தது. காற்றில் தொங்கும் காலுக்கு ஒன்றா சைபரா என்று நிச்சயமில்லை, பக்கத்தில் வரும் கையே அதை மாற்றிவிடும் என்று தெரிந்ததும், ‘ஒன்று’ என்பது ஒரு வோல்டேஜ்தான் என்பது அவளுக்குப் பளிச்சென்று புரிந்தது. பாடப்புத்தகம் ஒரு வருடமாகச் சொல்லாததை அந்த மறந்த கம்பி சொல்லிவிட்டது.

ஒவ்வொரு சிப்புக்கும் பக்கத்தில், 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் (0 வோல்ட்) நடுவே, 104 என்று எழுதிய சின்ன கெபாசிட்டர் ஒன்று போடுங்கள். அதற்குமேல் அதைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

கிளாக்கைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பிராசசர் ஒவ்வொரு அடி வைப்பதற்கும் ஒரு துடிப்பு கேட்கும். வழக்கமாக நொடிக்குப் பல லட்சம் துடிப்பு. எங்களுக்கு நொடிக்குப் பத்து போதும், கண்ணால் பார்க்க வேண்டுமே. அதற்கு 555 சிப்பு எல்லாக் கடையிலும் கிடைக்கும். ஆனால் சாதாரண 555-ஐ 5 வோல்ட்டில் ஓட்டினால், அதன் ‘ஒன்று’ எங்கள் மீட்டரில் 3.4 வோல்ட்தான் காட்டியது. இசட் 80-இன் கிளாக் காலோ மற்றக் கால்களைப் போல இல்லை, 4.4 வோல்ட்டாவது வேண்டும் என்கிறது. குறைந்த மின்சாரத்தில் ஓடும் சிமாஸ் வகையான 7555 வாங்கிப் போட்டால் ஏறக்குறைய முழு 5 வோல்ட்டும் வரும். கால் வரிசை ஒன்றுதான், அப்படியே மாற்றிச் செருகலாம்.

இவ்வளவும் செய்த பிறகுதான் முதல் சோதனை. எட்டு டேட்டா கம்பிகளையும் ரெசிஸ்டர் வழியாகக் கிரவுண்டில் இணைத்துவிடுவது. பிராசசர் எந்த முகவரியைக் கேட்டாலும் கிடைப்பது 00. இசட் 80-க்கு 00 என்றால் ‘ஒன்றும் செய்யாதே, அடுத்ததுக்குப் போ’. ஆகவே அது 0, 1, 2, 3 என்று முகவரிகளை வரிசையாகக் கேட்டுக்கொண்டே போகும். முகவரிக் கால்களில் விளக்கு கட்டினால் பைனரியில் எண்ணுவது கண்முன் தெரியும். நினைவகம் கிடையாது, நிரல் கிடையாது. அதனால்தான் இதை முதலில் செய்யச் சொல்கிறேன். கெட்டுப்போக இடமே குறைவு.

எங்களுக்குக் கெட்டுப்போனது. விளக்குகள் கண்டபடி எரிந்தன, நின்றன, மறுபடி எரிந்தன. மூன்று வார இறுதி போயிற்று. ஒவ்வொரு கம்பியையும் பிடுங்கித் திரும்பப் போட்டோம். சிப்பை முதலிலிருந்து தொடங்கவைக்கும் ரீசெட் காலில்தான் பிழை என்று நினைத்து அதையும் மாற்றினோம். ரீசெட் குறைந்தது மூன்று முழு கிளாக் துடிப்பு வரை சைபரில் இருக்க வேண்டும். மெதுவான கிளாக்கில் ஒரு தட்டுத் தட்டி எடுத்தால் பலிக்காது, பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதைச் சரிசெய்தும் தீரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பசியாறிவிட்டு மேசைக்கு வந்த அம்மா, சிப்பின் முதுகில் ஆள்காட்டி விரலை வைத்தார். எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

“இது சுடுதே. இவ்வளவு மெதுவா ஓடுறதுக்கு ஏன் சுடணும்?”

அந்தக் கேள்விதான் வழி காட்டியது. இசட் 80-இல் இரண்டு வகை உண்டு. பழையது என்மாஸ். பிற்பாடு வந்தது சிமாஸ், அதன் எண் இசட் 84சி00. பழைய வகை தன் உள்நிலைகளைக் கொஞ்ச நேரம்தான் தாங்கும். கிளாக் ரொம்ப மெதுவானால் மறந்துவிடும். சிமாஸ் வகையோ, கிளாக்கை நிறுத்தி வைத்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். மின்சாரத்திலும் பெரிய வித்தியாசம். சிப்புக்குப் போகும் 5 வோல்ட் கம்பியில் மீட்டரை வைத்தேன், தொண்ணூறு சொச்சம் மில்லிஆம்பியர். மெதுவாக ஓடும் சிமாஸ் சிப்புக்கு அவ்வளவு தேவையே இல்லை. ஆனால் மேலே எழுதியிருந்தது என்னவோ இசட் 84சி00 என்றுதான்.

நகப்பூச்சு நீக்கும் அசிட்டோனைப் பஞ்சில் நனைத்துத் தேய்த்தேன். எழுத்து அழிந்தது. அடியில் சுரண்டிய கோடுகள். யாரோ பழைய சிப்பின் பெயரைச் சுரண்டிவிட்டுப் புதுப் பெயர் அச்சடித்து விற்றிருக்கிறார்கள். அம்மா அந்த முதுகை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்து வெகுநேரம் பார்த்தார். “உள்ள இருக்கிற வேலை நல்ல வேலை. மேல எழுதினதுதான் பொய்” என்றார். சும்மா சமாதானத்துக்குச் சொன்னதில்லை. நொடிக்குப் பத்து லட்சம் துடிப்பு தரும் 1 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டர் ஒன்றை மாட்டி, உச்சி முகவரிக் காலான ஏ15-இல் விளக்கு வைத்துப் பார்த்தோம். நொடிக்கு ஏறக்குறைய நாலு முறை ஒழுங்காக மினுக்கியது. கணக்கு பொருந்தியது: ஒரு ‘ஒன்றும் செய்யாதே’ நாலு துடிப்பு, 65,536 முகவரியைச் சுற்றிவர கால் நொடிக்குச் சற்று மேல். சிப்பு ஆரோக்கியமாகவே இருந்தது. மெதுவாக நடக்க மட்டும் அதற்கு வராது. அதைத் தனியாக ஒரு டப்பாவில் வைத்திருக்கிறோம்.

ஆகவே மெதுவாக ஓட்டிப் படிக்க நினைப்பவர்கள் சிமாஸ் வகைதானா என்று உறுதிசெய்துகொண்டு வாங்குங்கள். வந்ததும் மின்சாரத்தை அளந்து பாருங்கள், விரலால் தொட்டும் பாருங்கள். எங்கள் இரண்டாவது சிப்பு வேறு இடத்திலிருந்து, 28 வெள்ளிக்கு வந்தது. தொட்டால் சில்லென்று இருந்தது.

மாட்டினோம். ரீசெட்டைப் பிடித்து விட்டோம். ஏ0 விளக்கு எரிந்தது, அணைந்தது. ஏ1 எரிந்தது. இரண்டும் எரிந்தன. ஏ2 எரிந்தது. மகள் வாய்விட்டுச் சொல்லத் தொடங்கினாள்: “அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு.” அவள் நோட்டுப் புத்தகத்தில் எழுதிய அதே வரிசை. ஒன்றும் சைபரும் எங்கே இருக்கிறது என்று கேட்டாளே, அங்கே இருந்தது.

சரி, முடிந்தது என்று நினைத்தால், ஒரு நிமிடம் நெருங்கும்போது விசித்திரம். 127 வரை விளக்குகள் நிதானமாக எண்ணின. 128-ல் ஏ7 எரிய வேண்டும், எரிந்து நிற்க வேண்டும். அது எரிந்தது, அணைந்தது, எரிந்தது, அணைந்தது. மற்ற ஏழும் ஒழுங்கு, ஏ7 மட்டும் துடிக்கிறது. மறுபடி கம்பியில் பிழையா என்று பயந்து, இந்த முறை பிடுங்காமல் முதலில் படித்தேன். பிழை இல்லை. சிப்பு ஒவ்வொரு கட்டளையையும் எடுத்த பிறகு, நாலு துடிப்பில் கடைசி இரண்டில், முகவரிக் கம்பிகளை வேறு வேலைக்குக் கொடுக்கிறது. அந்தக் காலத்து டைனமிக் நினைவகம் சேமித்ததைத் தானாகவே மறந்துவிடும் வகை. அடிக்கடி ஒவ்வொரு வரிசையாகத் தட்டி எழுப்ப வேண்டும். அதற்கென்று இசட் 80-க்குள் ஒரு தனி எண்ணி இருக்கிறது. அது ஏழு பிட்டில், அதாவது ஏழே ஒன்று-சைபர் இடத்தில், 0 முதல் 127 வரை சுற்றுவது. அதனால்தான் 127 வரை இரண்டு எண்ணும் ஒன்றாகவே போய் நமக்கு வித்தியாசம் தெரியவில்லை. அதற்குமேல் ஏ7-க்கு அந்த எண்ணியில் இடமில்லை, பாதி நேரம் அணைந்துவிடுகிறது.

இதைப் புரிந்துகொண்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 1976-ல் யாரோ ஒருவர், நினைவகச் சிப்பு வாங்குபவருக்குச் செலவு குறையட்டும் என்று யோசித்து உள்ளே வைத்த ஒரு சின்ன ஏற்பாடு, எங்கள் வீட்டு மேசையில் ஒரு சிவப்பு விளக்கின் துடிப்பாகத் தெரிகிறது. வேகமாக ஓட்டியிருந்தால் இதைப் பார்த்திருக்கவே முடியாது. கணினியைப் புரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு என்னிடம் ஒரே ஆலோசனைதான் கேட்டால், கண்ணுக்குத் தெரியும் வரை அதை மெதுவாக்குங்கள் என்பேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

அடுத்து நினைவகம் வைக்க வேண்டும். எழுதி அழிக்கும் நினைவகச் சிப்பு வாங்கினால் அதில் எழுத ஒரு கருவியும் வேண்டும். அது வந்துசேரும்வரை என்ன செய்வது என்று யோசித்தபோது மகள் கேட்டாள்: “அது நம்பர் கேட்குது, பதில் சொன்னா போதும்தானே? நான் சொல்றேன்.”

அப்படியே செய்தோம். எட்டு இருபக்க சுவிட்சு. ஒவ்வொன்றும் 4.7 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக ஒரு டேட்டா கம்பிக்கு. மேலே தள்ளினால் 5 வோல்ட், கீழே தள்ளினால் கிரவுண்டு. நடுவே ரெசிஸ்டர் கட்டாயம் வேண்டும். பிராசசரே டேட்டா கம்பியில் பேசும் நேரமும் வரும். அப்போது சுவிட்சு அதோடு மல்லுக்கட்டக் கூடாது. கிளாக்குக்குத் தானாக ஓடும் துடிப்புக்குப் பதில் ஒரு பட்டன். வெறும் பட்டனை நேரே இணைக்காதீர்கள். உள்ளே உலோகம் துள்ளுவதால் ஒரு அமுக்குக்குப் பல துடிப்பு போய்விடும். 7555-ஐ ஒற்றைத் துடிப்பு கொடுக்கும் விதத்தில் கட்டினோம், 100 கிலோஓம், 1 மைக்ரோஃபாரட். ஒரு அமுக்கு, பத்தில் ஒரு நொடிக்கு ஒரே துடிப்பு.

பிராசசர் என்ன கேட்கிறது என்று தெரிய ஆறு கால்களில் விளக்கு: புதுக் கட்டளை எடுக்கும் எம்1, நினைவகத்தைக் கேட்கும் கால், படிக்கும் கால், எழுதும் கால், வெளிச்சாதனத்தைக் கேட்கும் கால், நின்றுவிட்டேன் என்னும் கால். இவை எல்லாம் சைபர் ஆகும்போதுதான் ‘ஆம்’ என்று பொருள். அதனால் விளக்கின் மறுமுனையை 5 வோல்ட்டில் கட்டினால் சைபரில் எரியும். விடையைப் பிடித்து வைக்க 74எச்சி574 என்ற சிப்பு ஒன்று, அதன் எட்டுக் கால்களில் எட்டுப் பச்சை விளக்கு. எழுதும் காலையும் வெளிச்சாதனக் காலையும் இரண்டும் சைபரானால் மட்டும் சைபர் தரும் 74எச்சி32 சிப்பில் சேர்த்து, 574-இன் கிளாக்குக்குக் கொடுத்தால், பிராசசர் எழுதி முடிக்கும் நொடியில் டேட்டா அங்கே உறைந்துவிடும்.

நிரல் மொத்தம் ஏழு எண். பதினாறின் அடியில் (9-க்குப் பிறகு 10 முதல் 15 வரை ஏ முதல் எஃப் வரை) எழுதினால்: 3ஈ, 02, சி6, 03, டி3, 00, 76. ஏ-பெட்டியில் 2 வை; அதோடு 3 கூட்டு; 0 என்ற வாசலில் வெளியே அனுப்பு; நில். மகள் இதை முகவரி 0 முதல் 6 வரை நோட்டில் எழுதி, பக்கத்தில் எட்டு சுவிட்சும் எப்படி இருக்க வேண்டும் என்று குறித்துக்கொண்டாள். பட்டன் என்னிடம். அவள்தான் நினைவகம்.

ரீசெட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பட்டனை ஐந்தாறு முறை அமுக்கி, விட்டேன். மறுபடி அமுக்க, எம்1 எரிந்தது. முகவரி விளக்கு எல்லாம் சைபர். படிக்கும் விளக்கு எரிந்தது. “நில்லுங்க” என்று சொல்லி, நோட்டைப் பார்த்து 00111110 என்று சுவிட்சைத் தள்ளினாள். “ம், போங்க.” நாலு அமுக்கு. முகவரி 1. இப்போது எம்1 எரியவில்லை, படிக்கும் விளக்கு மட்டும். “இது கட்டளை இல்ல, நம்பர் கேட்குது!” என்று அவளாகவே கண்டுபிடித்தாள். 00000010. மூன்று அமுக்கு. இப்படியே போய், 25-வது அமுக்கில் எழுதும் விளக்கு அணையும்போது பச்சை விளக்குகளில் இரண்டு எரிந்தன. 00000101. ஐந்து. இன்னும் நாலு அமுக்கு, நின்றுவிட்டேன் என்ற விளக்கு. எம்1 முதலில் எரிந்த அமுக்கையும் சேர்த்து எண்ணினால் மொத்தம் 29.

இரண்டும் மூன்றும் கூட்ட எங்களுக்கு ஏழெட்டு நிமிடம் ஆயிற்று. இதே 29 துடிப்பை 4 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினால் 7.25 மைக்ரோ நொடி. அந்த எண்ணை வெறும் எண்ணாகப் படிப்பதற்கும், ஒவ்வொரு துடிப்பையும் கட்டைவிரலால் அமுக்கிய பிறகு படிப்பதற்கும் நடுவே பெரிய தூரம். இடையில் ஒருமுறை மகள் 03-க்குப் பதில் 83 வைத்துவிட்டாள். விடை தப்பாக வந்தது. பிராசசர் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. கொடுத்ததைக் கூட்டி வைத்தது. அலுவலகத்தில் “சிஸ்டம் தப்பு பண்ணிடுச்சு” என்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் நான் முதலில் கொடுத்த எண்ணைத்தான் பார்க்கிறேன்.

அதன் பிறகு நினைவகச் சிப்பு வந்தது, 32 கிலோபைட் ராம் சேர்த்தோம், விளக்குகளை ஓடவிட்டோம், பதினாறு விசைப் பலகை இப்போது பாதியில் நிற்கிறது. அவை எல்லாம் நன்றாக வேலை செய்கின்றன. ஆனால் அப்புறம் செய்தது எதுவும் அந்த ஏழு எண் அளவுக்குக் கற்றுத் தரவில்லை. தொடங்குகிறவர்கள் நினைவகச் சிப்பு கையில் இருந்தால்கூட, ஒருநாள் அதை ஒதுக்கிவைத்துவிட்டு நீங்களே நினைவகமாக உட்கார்ந்து பாருங்கள். இருவர் வேண்டும். ஒருவர் பட்டன், ஒருவர் சுவிட்சு. பிள்ளையிடம் சுவிட்சைக் கொடுங்கள். பட்டன் அமுக்குகிறவருக்குக் கை வலிக்குமே தவிர பாடம் குறைவு.

போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, அம்மா தானே சுவிட்சு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். என்ன கணக்கு போடலாம் என்று மகள் கேட்டாள். வேலைக்குச் சேர்ந்த வருடத்தையும் விட்ட வருடத்தையும் கழிக்கச் சொன்னார். 2003 எட்டு பிட்டில் அடங்காது என்று மகள் யோசித்து, இரண்டையும் 1900-லிருந்து எண்ணினாள். 103, 79; பதினாறின் அடியில் 67, 4எஃப். கூட்டும் சி6 இருந்த இடத்தில் கழிக்கும் டி6. நோட்டில் எழுதிக் கொடுத்தாள்: 3ஈ, 67, டி6, 4எஃப், டி3, 00, 76.

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு விளக்காகப் பார்த்து, ஒவ்வொரு சுவிட்சாகத் தள்ளினார். அவசரமே இல்லை. தள்ளிய பிறகு ஒருமுறை நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் “ம்” என்பார். மைக்ராஸ்கோப் முன்னால் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார் போல. நடுவில் ஒருமுறை சிப்பின் பக்கம் குனிந்து, “இப்போ எந்தக் காலு வழியா வருது?” என்று கேட்டார். மகள் சுவரில் ஒட்டிய தாளைப் பார்த்து 14, 15, 12, 8 என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். அம்மா அந்தக் கால்களையும், அவை கறுப்பு உறைக்குள் மறையும் இடத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

25-வது அமுக்கில் பச்சை விளக்குகளில் நட்டநடுவே இரண்டு மட்டும் எரிந்தன. 00011000.

“பதினாறும் எட்டும், பாட்டி” என்றாள் மகள்.

“இருபத்து நாலு” என்றார் அம்மா. பிறகு என்னைப் பார்த்து, “இன்னும் நாலு அமுக்கணுமே, அமுக்கு” என்றார்.